ஒரே ஒரு மாநிலத்தில் அதிபர் தேர்தல்: ஃபுளோரிடா 2000

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு வரும் இரவில் டி.வி.யில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகவோ நீலமாகவோ மாறிக்கொண்டே வரும். ஒரே தேர்தலின் மாநிலவாரி விவரம் என்றுதான் பலரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே தெரிவது 51 தனித்தனித் தேர்தல்கள். 50 மாநிலங்கள், கூடவே தலைநகர் வாஷிங்டன் டி.சி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி வாக்குச்சீட்டு, தனி அதிகாரிகள், தனி எண்ணிக்கை. நாடு முழுக்க விழுந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்து, இன்னார் ஜெயித்தார் என்று சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் அந்த நாட்டில் எங்கேயும் கிடையாது.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மண்டையில் ஏறாது. ஒரு மாநிலத்தை எடுத்து அதன் உள்ளே போய்ப் பார்ப்பதுதான் சுலபம். அதற்கு 2000-ஆம் ஆண்டின் ஃபுளோரிடாவைவிட நல்ல உதாரணம் இல்லை. மற்ற மாநிலங்களிலும் மற்ற வருடங்களிலும் வெளியே தெரியாமல் போகிற எல்லாமே அந்த வருடம் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

முதலில் கணக்கு

அமெரிக்க அரசியல் சாசனத்தின்படி அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள். அந்தத் தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யலாம் என்று சாசனம் சொல்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் நியமிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆரம்ப காலத்தில் பல மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்களே உட்கார்ந்து பேசித் தேர்வாளர்களை நியமித்துவிட்டார்கள். தெற்கு கரோலினா 1860 வரை அப்படித்தான் செய்தது. பிறகு எல்லா மாநிலங்களும் மக்கள் வாக்குக்கு வந்துவிட்டன. ஆனால் அந்த அதிகாரம் இன்னும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்கள்? பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்களோ அவற்றுடன் செனட்டில் இருக்கும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2000-இல் ஃபுளோரிடாவுக்குச் சபையில் 23 இடங்கள். ஆக, 25 தேர்வாளர்கள். மக்கள்தொகை ஏறியதால் இப்போது அது 30. கலிஃபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3. வாஷிங்டன் டி.சி.யின் மூன்றையும் சேர்த்து நாடு முழுவதும் 538. பாதியைத் தாண்ட 270 வேண்டும்.

மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும், மாநிலத்தில் முதலிடம் வந்தவருக்கே மொத்தத் தேர்வாளர்களும் போவார்கள். நம் ஊரில் ஒரு தொகுதியில் 500 வாக்கில் ஜெயித்தாலும் 50,000 வாக்கில் ஜெயித்தாலும் ஒரே எம்.எல்.ஏ.தானே, அதே கதைதான். என்ன, இங்கே ஒரு 'தொகுதி'யைப் பிடித்தால் 25 பேர் ஒட்டுமொத்தமாக வந்து சேருவார்கள். தோற்றவருக்கு ஒருவர்கூடக் கிடையாது.

இதன் விளைவை 2000-இல் பார்க்கலாம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அன்றைய துணை அதிபர் அல் கோர். குடியரசுக் கட்சி வேட்பாளர் டெக்சஸ் ஆளுநர் ஜார்ஜ் புஷ். நாடு முழுக்கக் கூட்டினால் கோருக்கு 5,43,000-க்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. ஆனால் அந்தக் கூட்டல் சட்டத்தில் எங்கேயும் இல்லாத கூட்டல். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், ஃபுளோரிடாவைத் தவிர்த்து, கோர் பிடித்த மாநிலங்களுக்கு 267 தேர்வாளர்கள், புஷ்ஷுக்கு 246. இரண்டு பேருமே 270-ஐத் தொடவில்லை. மிச்சமிருந்த 25 யாருக்கோ அவரே அதிபர்.

ஒரு சின்ன விஷயம். அதே தேர்தலில் நியூ மெக்சிகோவில் கோர் வெறும் 366 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஃபுளோரிடாவின் கடைசி வித்தியாசத்தைவிட அது குறைவு. ஆனால் அங்கே இருந்தது 5 தேர்வாளர்கள்தான், அவை போனாலும் வந்தாலும் ஃபுளோரிடாவின் முக்கியத்துவம் மாறப்போவதில்லை. அதனால் அந்த மாநிலத்தை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியில் தோற்றார். அதன் 11 கிடைத்திருந்தால் ஃபுளோரிடாவே அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஓட்டுப் போடுவதற்கு முன்பே முடிவான விஷயங்கள்

ஒரு மாநிலத்தின் அதிபர் தேர்தல் அந்த மாநிலத்தின் உள்ளூர்ச் சண்டைகளோடு சேர்ந்தே நடக்கும். ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்ற முதியவர்கள் ஏராளம், ஆகவே முதியோர் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பெரிய பேச்சு. மயாமியில் கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம். எலியான் கொன்சாலெஸ் என்ற சிறுவனை 1999 நவம்பரில் ஃபுளோரிடா கடலில் மீட்டார்கள். அவனை மயாமி உறவினர்களிடம் விடுவதா, கியூபாவிலிருக்கும் தகப்பனிடம் அனுப்புவதா என்று மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் கிளின்டன் அரசு ஆயுதமேந்திய அதிகாரிகளை அனுப்பி அவனை உறவினர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனது. மயாமியின் கியூப வம்சாவளியினர் அந்தக் கோபத்தைக் கிளின்டனின் துணை அதிபர் மேல் காட்டினார்கள். ஒஹாயோ வாக்காளருக்கு இது செய்தி மட்டும்தான். மயாமியில் வீட்டுக்கு வீடு பேச்சு.

யார் ஓட்டுப் போடலாம் என்பதையும் பெரும்பாலும் மாநிலமே தீர்மானிக்கிறது. வடக்கு டகோட்டாவில் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளும் ஏற்பாடே இல்லை. ஓரிகானில் 2000 அதிபர் தேர்தலே முழுக்க முழுக்கத் தபாலில் நடந்தது. ஃபுளோரிடாவிலோ, அப்போது பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் சிறையை விட்டு வந்த பிறகும் ஓட்டுரிமை இல்லாமல்தான் இருக்க வேண்டியிருந்தது, தனியாக மனுப் போட்டு உரிமையைத் திரும்ப வாங்கினால் ஒழிய. அப்படிப்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்காக மாநிலம் ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்துக் கவுண்டிகளுக்கு அனுப்பியது. பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனாலே போதும் என்று தயாரித்த பட்டியல் அது. எந்தக் குற்றமும் செய்யாத பலரும் அதில் இருந்தார்கள், அவர்களில் கறுப்பின மக்கள் அவர்களுடைய விகிதாசாரத்தைவிட அதிகம். என்னைக் கேட்டால், பின்னால் நடந்த எண்ணிக்கைச் சண்டையைவிட இதுதான் பெரிய விஷயம். ஆனால் எண்ணிக்கைக்குக் கிடைத்த கேமரா வெளிச்சம் இதற்குக் கிடைக்கவில்லை.

சரி, தேர்தலை நடத்துவது யார்? இந்தியாவில் தேர்தல் ஆணையம் என்ற ஒரே அமைப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஒவ்வொன்றிலும் ஒரு தேர்தல் அதிகாரி, ஏறக்குறைய எல்லாருமே மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள். எந்த இயந்திரம் வாங்குவது, வாக்குச்சீட்டு எப்படி இருப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. விளைவு, 2000-இல் சில கவுண்டிகளில் பேனாவால் நிரப்பி ஸ்கேனரில் செலுத்தும் சீட்டு, சிலவற்றில் துளையிடும் பஞ்ச் கார்டு, ஒரு சிறிய கவுண்டியில் கையால் எண்ணும் காகிதச் சீட்டு.

மாநில அளவில் இறுதி முடிவுக்குச் சான்றளிக்க வேண்டியவர் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். அவரும் குடியரசுக் கட்சி சார்பில் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான், அதே சமயம் ஃபுளோரிடாவில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவர்களில் ஒருவர். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் கோரின் பிரசாரக் குழுத் தலைவர். மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளர் புஷ்ஷின் சொந்தத் தம்பி. அமெரிக்கர்கள் பலர் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஆனால் சட்டப்படி இதில் எதுவும் தவறில்லை.

பாம் பீச்சின் சீட்டு

இப்போது ஒரே ஒரு கவுண்டியின் வாக்குச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பாம் பீச், ஃபுளோரிடாவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே பஞ்ச் கார்டு முறை. வாக்காளரிடம் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதை ஒரு சின்னக் கருவிக்குள் செருகி, மேலே இருக்கும் பெயருக்கு நேரான துளையில் ஒரு ஊசிக்கோலை அழுத்த வேண்டும். அட்டையில் ஒரு சின்னச் சதுரத் துணுக்கு பிய்ந்து கீழே விழும். எண்ணும் இயந்திரம் அந்தத் துளை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து வாக்கைக் கணக்கில் ஏற்றும்.

அந்த வருடம் ஃபுளோரிடாவில் 10 அதிபர் வேட்பாளர்கள். பத்துப் பெயர்களையும், கூடவே துணை அதிபர் வேட்பாளர்களின் பெயர்களையும் ஒரே பக்கத்தில் அச்சடித்தால் எழுத்து பொடிப்பொடியாகிவிடும். பாம் பீச்சில் வயதானவர்கள் அதிகம். அவர்களுக்கு வாசிக்கச் சிரமமாக இருக்கக் கூடாதே என்று தேர்தல் அதிகாரி தெரசா லெபோர் எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதில் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் போட வேண்டியதாயிற்று. துளைகள் நடுவில் ஒரே வரிசை. வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி இருந்ததால் பட்டர்ஃபிளை பேலட் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இடது பக்கத்தில் முதல் பெயர் புஷ். ஆளுநர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். அதற்குக் கீழே இரண்டாவதாகக் கோர். வலது பக்கத்தில் முதல் பெயர் சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கனன். அது புஷ்ஷுக்கும் கோருக்கும் நடுவான உயரத்தில் இருந்தது. ஆக, நடு வரிசையில் முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கனனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. துளைகளின் எண்களும் 3, 4, 5 என்று தொடங்கின. இடது பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, 'நம்மாள் இரண்டாவது' என்று இரண்டாவது துளையைக் குத்தியவர்கள் புக்கனனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தது உண்மைதான். அவசரத்தில் எத்தனை பேர் அதைப் பார்ப்பார்கள்?

சீட்டின் மேல் பகுதியில் இன்னொன்றும் அச்சாகியிருந்தது. வேட்பாளர்களுக்கு அளிக்கும் வாக்கு உண்மையில் அவர்களுடைய தேர்வாளர்களுக்கு அளிக்கும் வாக்கு என்பதுதான் அந்த வாசகம். 51 தேர்தல்கள் என்ற தத்துவம் முழுவதும் ஒரு அடைப்புக்குறிக்குள் அடங்கிக் கிடந்தது.

முடிவு வந்தபோது பாம் பீச்சில் புக்கனனுக்கு 3,400-க்கும் மேல் வாக்குகள் விழுந்திருந்தன. மாநிலத்தின் வேறெந்தக் கவுண்டியிலும் அவருக்கு இவ்வளவு விழவில்லை. வலதுசாரியான புக்கனனுக்கு, யூத முதியவர்கள் நிறைய பேர் வாழும் கவுண்டியில்! புக்கனனே டி.வி.யில் வந்து இதில் பெரும்பாலானவை தனக்கு விழுந்த ஓட்டாக இருக்காது என்று சொன்னார். இதுபோக, ஒன்றுக்கு மேற்பட்ட துளை குத்தியதால் செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கும் மேல். அவற்றில் பல, புக்கனன் துளையையும் கோர் துளையையும் சேர்த்துக் குத்தியவை. தப்பாகக் குத்திவிட்டோம் என்று தெரிந்து சரிசெய்யப் பார்த்திருப்பார்கள் போல.

லெபோர் ஜனநாயகக் கட்சிக்காரர். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வெளியானது, இரண்டு கட்சிகளும் ஆட்சேபம் சொல்லவில்லை. சதி என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதியவர்களுக்கு உதவ நினைத்து ஒரு அதிகாரி எழுத்தைப் பெரிதாக்கினார், அவ்வளவுதான். வடக்கே டூவால் கவுண்டியில் வேறு மாதிரிக் குழப்பம். வேட்பாளர் பட்டியல் அடுத்த பக்கத்துக்கும் நீண்டிருந்தது, மாதிரிச் சீட்டிலோ எல்லாப் பக்கத்திலும் வாக்களியுங்கள் என்ற அறிவுரை. பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தியவர்களின் சீட்டுகள் செல்லாமல் போயின, ஏறக்குறைய 22,000.

அந்த இரவு

நவம்பர் 7. ஃபுளோரிடாவின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவு மாலை 7 மணிக்கு முடிந்தது. ஆனால் மாநிலத்தின் வடமேற்குக் கோடி வேறு நேர மண்டலத்தில் இருக்கிறது, அங்கே ஒரு மணி நேரம் கழித்துத்தான் முடியும். அது முடிவதற்குள்ளாகவே டி.வி. நிறுவனங்கள் ஃபுளோரிடா கோருக்கு என்று அறிவித்துவிட்டன. இரவு 10 மணி வாக்கில் அதை வாபஸ் வாங்கின. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு மேல், ஃபுளோரிடா புஷ்ஷுக்கு, அதிபர் புஷ்தான் என்று அறிவித்தன. வலூசியா கவுண்டியில் ஒரு வாக்குச்சாவடிக் கணக்கு, கணினிக் கோளாறால் கோருக்கு 16,000-க்கும் மேல் வாக்குகளைக் கழித்துக் காட்டியதும் அந்தக் குழப்பத்தில் ஒரு பங்கு.

டி.வி. அறிவிப்புக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. இதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கோர் அதை நம்பி புஷ்ஷுக்கு ஃபோன் போட்டு வாழ்த்துச் சொன்னார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரைக்காக நாஷ்வில் மேடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது வித்தியாசம் சரசரவென்று குறைவதாகத் தகவல் வந்தது. உடனே திரும்பிவிட்டார். மறுபடியும் ஃபோன் போட்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

விடிந்தபோது ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 1,784. அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயந்திரத்தில் மறுபடி எண்ண வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எண்ணினார்கள். சில நூறுக்கு இறங்கிவிட்டது.

துணுக்கு எப்போது ஓட்டாகும்?

மறுஎண்ணிக்கைக்கும் ஃபுளோரிடாவில் மாநிலம் தழுவிய ஒரே ஏற்பாடு அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொரு கவுண்டியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கோர் தரப்பு வலூசியா, பாம் பீச், புரோவார்ட், மயாமி-டேட் ஆகிய நான்கில் மட்டும் கையால் எண்ணச் சொன்னது. நான்குமே அவருக்குச் சாதகமான கவுண்டிகள். கேட்டதுதான் கேட்டார், 67-இலும் எண்ணுங்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தால் அவர் பேச்சில் இன்னும் நியாயம் தெரிந்திருக்கும்.

கவுண்டியில் முடிவு செய்ய மூன்று பேர் குழு: ஒரு நீதிபதி, தேர்தல் அதிகாரி, கவுண்டி ஆணையக் குழுவின் தலைவர். அவர்கள் முன்னால் வந்த பிரச்சினை இதுதான். ஊசிக்கோலை அழுத்தியும் துணுக்கு முழுதாகப் பிய்ந்து விழாமல் தொங்கிக்கொண்டிருந்தால் இயந்திரம் அதை வாக்காக எண்ணாது. கையில் எடுத்துப் பார்க்கும் மனிதர் எண்ணலாம். ஆனால் எதை எண்ணுவது? ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதையா? மூன்று மூலை ஒட்டியிருந்தால்? ஒன்றுமே பிய்யாமல் லேசாகக் குழி மட்டும் விழுந்திருந்தால்? சட்டம் சொன்னதெல்லாம் வாக்காளரின் எண்ணத்தைக் கண்டறியுங்கள் என்பது மட்டும்தான். புரோவார்டில் ஒரு நீதிபதி கண்களை உருட்டி, பூதக்கண்ணாடி வழியாக அட்டையைப் பார்க்கும் புகைப்படம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. புரோவார்ட் தாராளமாக எண்ணியது, பாம் பீச் கறாராக எண்ணியது. பாம் பீச்சிலேயே நடுவழியில் அளவுகோல் மாறிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே காலக்கெடு. ஏழு நாளில் முடிவு வர வேண்டும் என்றார் ஹாரிஸ். மாநில உச்ச நீதிமன்றம் அதை நவம்பர் 26 மாலை வரை நீட்டித்தது. மயாமி-டேட் நேரம் போதாது என்று பாதியில் நிறுத்திவிட்டது. எண்ணும் அறைக்கு வெளியே குடியரசுக் கட்சிக்காரர்கள் கூச்சலிட்டு ஆர்ப்பாட்டம் செய்ததும் அதே நாளில்தான். பாம் பீச் கெடுவைச் சில மணி நேரத்தில் தவறவிட்டது. கூடுதல் அவகாசம் கேட்டதற்கு ஹாரிஸ் மறுத்துவிட்டார். வெளிநாடுகளிலிருந்து வந்த தபால் வாக்குகளையும் சேர்த்து அன்று அவர் சான்றளித்த கணக்கு: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537.

பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் மாநிலத்தில் 97,000-க்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தார் என்பதை இந்த 537-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

நீதிமன்றமும் சட்டமன்றமும்

கோர் வழக்குப் போட்டார். டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், இயந்திரம் எந்த வாக்கும் இல்லை என்று ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ண உத்தரவிட்டது. மறுநாளே நாட்டின் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடை போட்டது. டிசம்பர் 12 இரவு தீர்ப்பு. ஒரே மாதிரியான அட்டை ஒரு கவுண்டியில் வாக்காகவும் இன்னொன்றில் செல்லாததாகவும் ஆனால், சட்டத்தின் முன் சமம் என்ற கோட்பாடு அடிபடுகிறது என்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கருதினார்கள். சரி, அப்படியானால் ஒரே அளவுகோல் வகுத்து எண்ணலாமே? அதற்கு நேரமில்லை என்றார்கள் ஐந்து பேர். தேர்வாளர்கள் பற்றிய தகராறுகளை மாநிலம் டிசம்பர் 12-க்குள் முடித்துவிட்டால் அந்த முடிவைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஏற்க வேண்டும் என்று ஒரு பழைய கூட்டாட்சிச் சட்டம் இருந்தது. அந்த நாள்தான் தீர்ப்பு வந்த நாளும்.

அந்த வாதத்தை அப்படியே நீட்டினால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கவுண்டியில் தவறைக் கண்டுபிடித்துச் சீட்டைத் திருப்பித் தரும் ஸ்கேனர், பக்கத்துக் கவுண்டியில் பாதி பிய்ந்த துணுக்கை விழுங்கிவிடும் பழைய பஞ்ச் கார்டு. அதுவும் சமமின்மைதானே? நீதிமன்றத்துக்கும் இது தெரிந்திருக்கும். இந்தத் தீர்ப்பு இந்த வழக்கின் சூழலுக்கு மட்டுமே பொருந்தும் என்று அதிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நீதிமன்றம் வேறு மாதிரித் தீர்ப்பளித்திருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்குமா என்பது சந்தேகம். குடியரசுக் கட்சி பெரும்பான்மையில் இருந்த ஃபுளோரிடா சட்டமன்றம், தானே நேரடியாகப் புஷ்ஷின் 25 தேர்வாளர்களை நியமிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. கீழவை டிசம்பர் 12 அன்றே அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதிகாரம் இதுதான்.

டிசம்பர் 13 அன்று கோர் தோல்வியை ஏற்றார். 18-ஆம் தேதி ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர்கள் தலைநகர் டலஹாசியில் கூடி வாக்களித்தார்கள். சட்டப்படி அதிபர் தேர்தல் அன்றுதான் நடந்தது. நாடு முழுவதும் புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266. வாஷிங்டன் டி.சி.யின் தேர்வாளர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்து வெற்றுச் சீட்டைப் போட்டதால் கோருக்கு ஒன்று குறைந்தது. 2001 ஜனவரி 6-இல் காங்கிரஸில் இந்த வாக்குகளை எண்ணும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், செனட்டின் தலைவர் என்ற முறையில், கோர். ஃபுளோரிடா வாக்குகளை ஏற்கக் கூடாது என்று கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அப்போதைய விதிப்படி ஒரு செனட்டரின் கையெழுத்தாவது இருந்தால்தான் ஆட்சேபம் செல்லும். ஒரு செனட்டரும் போடவில்லை. தனக்காக எழுந்தவர்களை விதியைக் காட்டி உட்காரச் சொல்ல வேண்டியதாயிற்று அவருக்கு.

பத்திரிகை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஆய்வு அமைப்பைக் கொண்டு, எண்ணப்படாத ஏறக்குறைய 1,75,000 சீட்டுகளைப் பின்னால் பரிசோதிக்க வைத்தன. கோர் கேட்ட நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான் ஜெயித்திருப்பார். யாரும் கேட்காத ஒன்றை, அதாவது மாநிலத்தில் ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் எண்ணியிருந்தால், கோர் மயிரிழையில் வந்திருப்பார்.

அதற்குப் பிறகு

ஃபுளோரிடா 2001-இலேயே பஞ்ச் கார்டுக்குத் தடை போட்டது. கையால் மறுபடி எண்ணுவது எப்போது, எப்படி என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. சில கவுண்டிகள் தொடுதிரை இயந்திரங்கள் வாங்கின. அவற்றில் காகிதமே கிடையாது. 2006-இல் சரசோட்டா கவுண்டியில், காங்கிரஸ் உறுப்பினர் தேர்தலில் 18,000 பேர் அளவுக்கு வாக்கே பதிவாகவில்லை, திரும்ப எண்ணிப் பார்க்கக் காகிதமும் இல்லை. அந்தத் தேர்தல் 369 வாக்கில் முடிந்தது. அதற்கப்புறம் மறுபடியும் காகிதம், ஸ்கேனர்.

இன்று ஃபுளோரிடாவின் எண்ணிக்கை மிக வேகமாக முடியும் மாநிலங்களில் ஒன்று. தபால் வாக்குகளை முன்கூட்டியே பிரித்துத் தயார் செய்ய மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை வரை உறையைப் பிரிக்கவே கூடாது. 2020-இல் செவ்வாயன்று நடந்த தேர்தலுக்குப் பென்சில்வேனியாவின் போக்கு சனிக்கிழமைதான் தெளிவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண்ணிக்கை தாமதமாவதைப் பார்த்தவுடன் தில்லுமுல்லு என்று நினைக்காமல், அந்த மாநிலச் சட்டம் எதை முதலில் எண்ணச் சொல்கிறது என்று பார்ப்பது நல்லது. நேரில் போட்ட வாக்கு முதலில் வருமா, தபால் வாக்கு முதலில் வருமா என்பதைப் பொறுத்து இரவில் தெரியும் முன்னிலை தலைகீழாக மாறலாம். எந்தக் கவுண்டியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஃபுளோரிடாவைப் பற்றி இப்போது யாரும் பதறுவதில்லை. 2024-இல் டிரம்ப் அங்கே 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். பேச்சு பென்சில்வேனியா, ஜார்ஜியா, விஸ்கான்சின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஜார்ஜியாவில் 2020-இல் வித்தியாசம் 11,779. ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள்.

2024-இல் அதைவிடச் சின்ன இடம் ஒன்றும் கவனத்துக்கு வந்தது. நெப்ராஸ்காவில் மொத்தம் 5 தேர்வாளர்கள், மாநில முதலிடத்துக்கு இரண்டு, மூன்று காங்கிரஸ் தொகுதிகளுக்கு ஆளுக்கு ஒன்று. ஒமாஹா நகரைச் சுற்றிய தொகுதியின் அந்த ஒன்று ஜனநாயகக் கட்சிக்குப் போகும் என்று தெரிந்தது. போட்டி 269-269 என்று முடியும் வாய்ப்பு இருந்ததால், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு மாநிலச் சட்டத்தையே மாற்றி ஐந்தையும் முதலிடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். அதற்கு மாநிலச் சட்டமன்றத்தில் கொஞ்சம் வாக்குகள் குறைந்தன. மைக் மெக்டானல் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், தேர்தல் இவ்வளவு அருகில் வந்த பிறகு விதியை மாற்ற முடியாது என்று கைவிரித்துவிட்டார். சட்டம் அப்படியே நின்றது. நவம்பரில் ஒமாஹா தொகுதி கமலா ஹாரிஸுக்குப் போனது, மற்ற நான்கும் டிரம்புக்கு.